ஃபீல்டு போஸ்டிங் வந்தாச்சு: 9-ஆம் வகுப்பு, 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது?

#1 வேலூர்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் ஹவில்தார். செகந்திராபாத்தில் மூன்று வருஷம் முடிந்துவிட்டது, யூனிட் ஏப்ரலில் ஜம்மு-காஷ்மீர் பக்கம் போகிறது. குடும்பம் கூடப் போக முடியாது. மகள் 8 முடிக்கிறாள், மகன் 2 முடிக்கிறான். இரண்டு பேரும் கே.வி. (கேந்திரிய வித்யாலயா, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்). வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது.

எங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, செகந்திராபாத்திலேயே எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் (ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கான ராணுவ வீடு) கேட்டு இருந்துவிடுவது. இரண்டு, ஊருக்குப் போய் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேர்ப்பது. மூன்று, அரக்கோணத்தில் வாடகைக்கு வீடு பிடித்து அங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்து கே.வி.யில் தொடர்வது. மகள் டாக்டருக்கோ இன்ஜினியரிங்குக்கோ போகணும் என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓய்வு_ஹெட்கிளார்க்

சகோதரி, முதலில் மகள் விஷயம். மகன் 3-ஆம் வகுப்பு, எங்கே போட்டாலும் ஒட்டிக்கொள்வான். மகள் 9-இல் நுழைகிறாள். சி.பி.எஸ்.இ.யில் 9-ஆம் வகுப்பில்தான் போர்டு பதிவு நடக்கும். அங்கே ஏறும் பெயர், பிறந்த தேதி, பாடங்கள்தான் 10-ஆம் வகுப்பு மார்க் ஷீட்டில் வரும். 10-இலோ 12-இலோ பள்ளி மாற்றுவதை போர்டு சும்மா அனுமதிக்காது. பெற்றோர் இடமாற்றம் மாதிரி காரணம் வேண்டும், 9-ஐயோ 11-ஐயோ சி.பி.எஸ்.இ. பள்ளியில் முடித்திருக்க வேண்டும், பாடங்கள் பொருந்த வேண்டும், புதுப் பள்ளி போர்டின் ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்க முடியாதது இல்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் கணவர் மலைமேல் இருந்துகொண்டு கையெழுத்து அனுப்ப வேண்டிவரும். அதனால் 9 முதல் 12 வரை நான்கு வருஷம் ஒரே இடம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற ஊரைத் தேடுங்கள். ஊரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பள்ளி தேடுவது தலைகீழ்.

என் கணக்கில் மூன்றாவது வழிதான் சரி. பீஸ் ஸ்டேஷனில் (குடும்பத்தோடு இருக்கக்கூடிய இடம்) இருந்து ஃபீல்டுக்குப் போகிறவர் தன் குடும்பத்தை விரும்பிய ஊரில் வைத்தால், பிள்ளைகளை அந்த ஊர் கே.வி.யில் சேர்த்துக்கொள்ள கே.வி. விதியில் இடம் இருக்கிறது. கையில் கே.வி. டி.சி. இருந்தால் புதிதாக லாட்டரி, வரிசை எதுவும் கிடையாது. ஆனால் இதற்கு வேண்டிய காகிதங்களை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

முதலாவது மூவ்மெண்ட் ஆர்டரின் (இடம் மாறிப் போகச் சொல்லும் உத்தரவு) நகல். அடுத்து யூனிட் கொடுக்கும் சான்று. வெறும் ‘இவர் எங்கள் யூனிட்டில் இருக்கிறார்’ என்று கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. போகிற இடம் ஃபீல்டு ஏரியா, அங்கே குடும்பம் வைக்க முடியாது, அதனால் குடும்பம் இன்ன முகவரியில் தங்குகிறது என்ற மூன்றும் அதில் வர வேண்டும். ஆபீசரின் கையெழுத்து, பெயர், ரேங்க், ரவுண்டு சீல், யூனிட் தொலைபேசி எண் இருக்கணும். பிறகு டி.சி. அதில் ‘பள்ளியை விட்டுப் போகும் காரணம்’ என்ற கட்டத்தில் ‘பெற்றோர் இடமாற்றம்’ என்று எழுதியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்கள். அவசரத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று போட்டுவிட்டால், புதுப் பள்ளி அதை இடமாற்றக் கேஸாக எடுக்கத் தயங்கும். நீங்கள் திரும்ப செகந்திராபாத்துக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இப்போது டி.சி. காகிதம் மட்டும் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் யூடைஸ் பிளஸில் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) பென் நம்பர் என்ற நிரந்தர எண் இருக்கிறது. பழைய பள்ளி கம்ப்யூட்டரில் பிள்ளையை விடுவித்து டிராப் பாக்ஸில் போட்டால்தான் புதுப் பள்ளி தன் கணக்கில் எடுக்க முடியும். டி.சி. வாங்கும் நாளிலேயே ‘டிராப் பாக்ஸில் போட்டாச்சா?’ என்று கேளுங்கள். அபார் எண்ணும் (மாணவருக்கான தேசிய அடையாள எண்) மார்க் ஷீட்டில் குறித்திருந்தால் நல்லது.

#3 கண்டோன்மெண்ட்_பிள்ளை

சார் சொல்கிற காகித விஷயம் நூற்றுக்கு நூறு சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. செகந்திராபாத் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம்.

எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் என்பது அப்பாக்கள் எல்லாம் ஃபீல்டில் இருக்கும் குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடம். அங்கே பிள்ளைக்கு ‘உங்க அப்பா எங்கே?’ என்ற கேள்வி வராது, ஏனென்றால் பக்கத்து வீட்டிலும் அப்பா இல்லை. கேட்டுக்குள் பள்ளி பஸ், எம்.ஐ. ரூம் (ராணுவ மருந்தகம்), மிலிட்டரி ஆஸ்பத்திரி, கேன்டீன் எல்லாம் உண்டு. ராத்திரி 2 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்டேஷன் டூட்டியில் ஒருவர் இருப்பார். அரக்கோணத்தில் வாடகை வீட்டில் அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். எஸ்.எஃப். வீடு கேட்டவுடன் கிடைக்காது, வெயிட்டிங் லிஸ்ட் உண்டு. கிடைத்தாலும் ஃபீல்டு காலம் முடிந்து அடுத்த போஸ்டிங் வரும்போது காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளை படிப்பைக் காரணம் காட்டிக் கல்வியாண்டு முடியும்வரை நீட்டிப்பு கேட்கலாம், நான்கு வருஷத்துக்கு அது தாங்காது. மகள் 11-இல் இருக்கும்போது வீடு போகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

#4 ஓய்வு_ஹெட்கிளார்க்

தம்பி, கடைசிப் பத்தியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஃபீல்டு சுமார் இரண்டு, மூன்று வருஷம். 9-இல் தொடங்கினால் கணக்கு 11-இல் முட்டும். மகள் 6-இல் இருந்திருந்தால் எஸ்.எஃப். என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

#5 தமிழாசிரியை

இரண்டாவது வழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே பிரச்சினை வருகிறது.

வேலூர் அம்மா, மகளை மெட்ரிக் பள்ளியில் 9-இல் சேர்க்காதீர்கள். தமிழ் கற்கும் சட்டம் 2006-இல் வந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்புவரை முதல் பாடம் தமிழ். எழுத்தே தெரியாத பிள்ளை இரண்டே வருஷத்தில் செய்யுள், இலக்கணம், கட்டுரை என்று 100 மதிப்பெண் பொதுத்தேர்வு எழுத வேண்டும். வெளி மாநிலத்தில் இருந்து வந்தவர்களுக்கு விலக்குக் கேட்டு, தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைக்கும் என்று நம்பிச் சேர்ப்பது ஆபத்து. மகனுக்கு அந்தக் கவலை இல்லை. 3-ஆம் வகுப்பில் மெட்ரிக்கில் போட்டாலும் ஒரு வருஷத்தில் பிடித்துவிடுவான்.

கே.வி.யில் தமிழ் கிடையாது என்பதும் முழு உண்மை இல்லை. 15 பிள்ளைகள் கேட்டால் தாய்மொழி வகுப்புக்குப் பகுதிநேர ஆசிரியரை வைக்க விதி இருக்கிறது. தமிழ்நாட்டு கே.வி.யில் 15 பேர் சேர்வது சுலபம். ஆனால் யாராவது ஒரு பெற்றோர் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் கொடுக்க வேண்டும். தானாக நடக்காது.

எப்படியானாலும் வீட்டில் தமிழ் எழுதப் பழக்கியே ஆகணும். பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு மகள் டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தால், குரூப் 4-இல் தமிழ்த் தகுதிப் பகுதி 150 மதிப்பெண், அதில் 40 சதவீதம், அதாவது 60 வாங்கவில்லை என்றால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ராணுவக் குடும்பப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைப்பது வீண். 247 எழுத்தையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நேர்கோட்டில் எழுதும் ட, ப, ம, ய என்று தொடங்குங்கள். முதல் நாளிலேயே ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று சொல் எழுத வந்துவிடும். பிள்ளைக்கு அது பெரிய தைரியம். அப்புறம் கால் போட்டு ‘பாடம்’, ‘மாடம்’, ‘மாமா’. தமிழ்நாடு அரசின் முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே போதும். பேச்சு ஏற்கெனவே வருகிற பிள்ளை நான்கு மாதத்தில் அந்தப் புத்தகத்தைத் தானே படித்துவிடும்.

இந்தியில் படித்த பிள்ளை எங்கே தடுக்கும் என்று தெரிந்துகொண்டால் அடிக்கத் தோன்றாது. இந்தியில் எ, ஒ குறில் தனியாகக் கிடையாது, நெடில் மட்டும்தான். அதனால் ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்று படிக்கும், ‘பெட்டி’ ‘பேட்டி’ ஆகும், ‘எடு’ ‘ஏடு’ ஆகும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் கண்ணில் படாததால் வருவது இது, கவனக்குறைவு இல்லை. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கொம்பை மட்டும் சிவப்புப் பேனாவில் போடுங்கள். பத்து ஜோடி முடிந்ததும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று க, ச, ட, த, ப. இந்தியில் ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து. தமிழில் ஒன்று. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று. ‘இது எந்த க?’ என்று பிள்ளை கேட்டால், சொல்லின் முதலில் வல்லோசை, மெல்லின எழுத்தை அடுத்து வந்தால் மெல்லோசை, நடுவில் தனியாக வந்தால் இன்னும் இளகும் என்று சொல்லிவிடுங்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கு வாய் தானாகச் சரியாகப் போகும். ல-ள-ழ, ர-ற, ன-ண எழுத்துப்பிழைகள் கடைசியாகத் தீரும். ‘பல்லி-பள்ளி’, ‘அரம்-அறம்’, ‘மனம்-மணம்’ என்று தினம் ஐந்து சொல் டிக்டேஷன் போட்டால் ஒரு வருஷத்தில் சரியாகும். அதுவரை அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

#6 புது_நாயக்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹெட்கிளார்க் சார், 9-ஆம் வகுப்பில் பெயர் ஏறிவிடும் என்றீர்கள். எங்கள் பிள்ளைக்கு ஆதாரில் இனிஷியல் இருக்கிறது, பர்த் சர்டிபிகேட்டில் இல்லை, பஞ்சாபில் சேர்த்த பள்ளியில் அப்பா பெயரை சர்நேம் என்று போட்டுவிட்டார்கள். ரெக்கார்டு ஆபீசில் (படைவீரர்களின் பதிவேடுகள் இருக்கும் அலுவலகம்) வேறு ஸ்பெல்லிங். இதில் எதை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது?

#7 ஓய்வு_ஹெட்கிளார்க்

நல்ல கேள்வி தம்பி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் தலைவலி இது. வடக்கே எல்லா ஃபாரத்திலும் பெயர், நடுப்பெயர், கடைப்பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். கட்டத்தைக் காலியாக விட்டால் கிளார்க் தன் விருப்பத்துக்கு ஏதாவது போட்டு நிரப்புவார்.

பெயர் வடிவம் ஒன்றை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ‘கவிதா எஸ்’ என்று வைப்பதைவிட ‘கவிதா செல்வம்’ என்று அப்பா பெயரை விரித்து வைப்பதுதான் பின்னால் உதவும் என்பது என் அபிப்பிராயம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொல்வார்கள். அப்போது 10-ஆம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எஸ்’ மட்டும் இருந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

வரிசை முக்கியம். எல்லாவற்றுக்கும் மூலம் பிறப்புச் சான்றிதழ். அதில் பிள்ளை பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால் முதலில் பெயரை ஏற்றுங்கள். ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லை, அதற்குப் பின் தாமதக் கட்டணத்துடன் 15 வருஷம்வரை ஏற்றலாம். பிறந்தது எந்த ஊரோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போகணும். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் கன்டோன்மெண்ட் போர்டில் இருக்கிறதா நகராட்சியில் இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் சிலிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேர் தவறான அலுவலகத்தில் க்யூ நிற்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறந்த தேதி ஆதாரமே இந்தச் சான்றிதழ்தான்.

அது சரியானதும் ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்கணும், அந்த நேரத்தில் பெயரையும் சேர்த்துத் திருத்தினால் ஒரு நடை மிச்சம். மூன்றாவது பள்ளிப் பதிவேடு. இதை 8-ஆம் வகுப்பு முடியும் முன் முடித்தாக வேண்டும். கடைசியாக யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் குடும்ப விவரங்களை யூனிட் அதிகாரபூர்வமாகப் பதியும் உத்தரவு. பிள்ளை பிறந்ததற்கு வெளியான பார்ட் டூ ஆர்டரில் இருக்கும் பெயரும் தேதியும்தான் ரெக்கார்டு ஆபீசில் நிற்கும். அதில் ஒரு எழுத்துத் தவறு இருந்தாலும் டிபெண்டன்ட் கார்டு, பிறகு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு, ஓய்வுக்குப் பின் ஸ்காலர்ஷிப், எல்லா இடத்திலும் முட்டும். திருத்தத்துக்கு அஃபிடவிட்டும் பிறப்புச் சான்று நகலும் வைத்து யூனிட் கிளார்க்கிடம் கொடுத்தால், அவர் திருத்தப் பார்ட் டூ ஆர்டர் போட்டு அனுப்புவார். ஆர்டர் நம்பரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘அனுப்பியாச்சு’ என்று சொல்வது போதாது. ரெக்கார்டு ஆபீஸ் திருப்பி அனுப்பிய ஆர்டர்கள் யூனிட் அலமாரியில் தூங்கும்.

மனைவியின் பெயரையும் இதே கையோடு பாருங்கள். கல்யாணத்தின்போது ஷீட் ரோலில் (வீரரின் பணிப் பதிவேடு) எழுதிய பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. பிள்ளையின் மார்க் ஷீட்டில் அம்மா பெயரும் வரும்.

#8 கவுன்சலிங்_அப்பா

மகள் டாக்டர், இன்ஜினியர் என்று சொன்னதால் இதை இப்போதே எழுதுகிறேன். நான்கு வருஷம் கழித்துத் தேடினால் கஷ்டம்.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 8 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்று (நேட்டிவிட்டி சர்டிபிகேட்) தேவையில்லை. மருத்துவத்துக்கு அந்தக் கணக்கு 6 முதல் 12 வரை. உங்கள் மகள் 8 வரை செகந்திராபாத்தில் படித்ததால் இரண்டிலும் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். வெளியில் படித்தாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தால் மாநில ஒதுக்கீடு உண்டு, பயப்பட வேண்டாம். இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும். வி.ஏ.ஓ. கேட்கும் முதல் கேள்வி: ‘நீங்க ஊர்ல இல்லையே?’ அதற்குப் பதில் அப்பாவின் பள்ளி டி.சி., ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, ராணுவத்தில் சேர்ந்தபோது கொடுத்த சொந்த ஊர் முகவரி காட்டும் சர்வீஸ் சர்டிபிகேட். ரேஷன் கார்டில் பிள்ளை பெயரைச் சேர்த்துவிடுங்கள். ‘நாங்கள் கேன்டீனில் வாங்குகிறோம், ரேஷன் எதற்கு’ என்று விட்டவர்கள் இங்கே தவிக்கிறார்கள். அப்பாவின் பழைய பள்ளி டி.சி.யை எலி கடிக்கும் முன் லேமினேட் செய்யாமல் ஃபைலில் போடுங்கள், லேமினேட் செய்தால் பின்னால் சீல் வைக்க முடியாது.

சாதிச் சான்றும் இரண்டு வேண்டும். மாநிலத்துக்கு ஒன்று, மத்திய ஓ.பி.சி.க்கு வேறு ஒன்று. ஓ.பி.சி. சான்றில் கிரீமி லேயர் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) பார்க்கும்போது அப்பாவின் சம்பளம் கணக்கில் வராது. படையில் கர்னல் ரேங்கும் அதற்கு மேலும்தான் தானாக விலக்கப்படுவார்கள். ஹவில்தாரின் சம்பளச் சீட்டைப் பார்த்து மறுத்தால், இந்த விதியை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கே.வி. பிள்ளைகள் வர மாட்டார்கள். அது 6 முதல் 12 வரை மாநில அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இதைத் தெரியாமல் கே.வி.யும் அரசுப் பள்ளிதானே என்று கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள்.

முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 150 இடம் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநர் தரும் சான்று வேண்டும். போரில் உயிர் நீத்தவர், ஊனமுற்றவர் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை, அதுதான் நியாயமும். பெயரிலேயே இருப்பதுபோல் அது ஓய்வுபெற்றவர்களின் பிள்ளைகளுக்கு உரியது. பிரதமர் ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான், பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை. ஓய்வுக்குப் பின் தொழிற்படிப்பில் முதல் வருஷம் சேர்ந்தால், 12-இல் 60 சதவீதம் இருந்தால், பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. வருஷத்துக்கு மொத்தம் 5,500 பேர், பாதி பெண்கள். முதல் வருஷத்தில் விண்ணப்பிக்காவிட்டால் அப்புறம் வாய்ப்பு இல்லை.

#9 வேலூர்_அம்மா

மெட்ரிக் யோசனையை விட்டுவிட்டேன். அரக்கோணம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்வி. வாடகை, ஃபீஸ் எல்லாம் சமாளிக்க ஆபீசில் என்னென்ன கேட்கலாம்? மகனைப் பின்னால் சைனிக் ஸ்கூலுக்கு (ராணுவப் பாணி உறைவிடப் பள்ளி) முயற்சி செய்யலாமா?

#10 ஓய்வு_ஹெட்கிளார்க்

கல்விப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50, இரண்டு பிள்ளைகள்வரை. 2024 ஜனவரி முதல் இந்தத் தொகை. வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு 33,750, இருவருக்கும் 67,500. செலவு எவ்வளவு ஆனாலும் தொகை இதுதான். நிதியாண்டு முடிந்ததும் பள்ளியில் இருந்து ‘இந்த வருஷம் முழுக்க இங்கே படித்தாள்’ என்ற சான்று வாங்கி யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும். பள்ளி மாறும் வருஷத்தில் எந்தப் பள்ளிச் சான்று என்ற குழப்பம் வரும். செகந்திராபாத்தை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் கல்வியாண்டுக்கான சான்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. காலத்துக்குக் கிளைம் விட்டுப்போயிருந்தால் அதையும் கேளுங்கள், 1-ஆம் வகுப்புக்கு முந்தைய இரண்டு வகுப்பும் சேரும்.

கே.வி.யில் வித்யாலயா விகாஸ் நிதி மாதம் 500 ரூபாய்தான் பெரிய செலவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது. குவார்ட்டர்ஸ் எடுக்காமல் வாடகையில் இருப்பதால் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) கிளைம் உண்டு. வீட்டுக்காரர் கிளம்பும் முன் குடும்ப முகவரியைப் பார்ட் டூ ஆர்டரில் ஏற்றிவிடச் சொல்லுங்கள், மலைமேல் போனபின் அந்த வேலை மூன்று மாதம் இழுக்கும்.

சைனிக்: அமராவதிநகர் பள்ளி உடுமலை பக்கம், 1962-இல் தொடங்கியது. 6-ஆம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்கணும். உங்கள் மகனுக்கு மூன்று வருஷம் இருக்கிறது. தேர்வு 300 மதிப்பெண், அதில் கணக்கு மட்டும் 150. கணக்கில் விழுந்தால் மற்றதில் எழ முடியாது. 4-ஆம் வகுப்பில் இருந்து கணக்கை மட்டும் கெட்டிப்படுத்துங்கள், கோச்சிங் சென்டர் இப்போது வேண்டாம். 6-ஆம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், இந்தியிலும் எழுதலாம். மூன்றில் இரண்டு பங்கு இடம் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. போக மீதியில் 25 சதவீதம் படைவீரர் பிள்ளைகளுக்கு. ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூலையும் மறக்காதீர்கள், நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் பெல்காமிலும் இருக்கிறது. அங்கே 70 சதவீதம் ஜே.சி.ஓ. (ஆபீசருக்கு அடுத்த கீழ் ரேங்க்), ஜவான் பிள்ளைகளுக்கே. ஹாஸ்டலில் சேர்ந்தால் ஹாஸ்டல் மானியம் மாதம் 8,437.50, வீட்டில் இருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கணும்.

#11 கண்டோன்மெண்ட்_பிள்ளை

காகிதம் எல்லாம் சரி. பிள்ளைகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று யாரும் பேசவில்லை. அதைச் சொல்லாமல் இந்த இழையை விட மனசில்லை.

யூனிட்டில் ‘மூவ் வருதாம்’ என்று பேச்சு கிளம்பியவுடன் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பேச்சு ஆறு மாதம் ஓடும், பிள்ளை ஆறு மாதமும் பாடத்தில் உட்காராது. ஆர்டர் கையில் வந்ததும், இருவருக்கும் ஒரே நாளில், அப்பா வாயால் சொல்லட்டும். போகிற தேதி, பள்ளிப் பெயர், வீடு எப்படி, யார் யார் கூட வருகிறார்கள் என்று தெரிந்தது அனைத்தையும் சொல்லுங்கள். ‘அப்பா எப்போ வருவார்?’ என்றால் தேதி கொடுக்காதீர்கள். ஜவான்களுக்கு ஆண்டு லீவு 60 நாள், சி.எல். 30 நாள். ஆனால் எப்போது கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. ‘தீபாவளிக்கு வருவார்’ என்று சொல்லிவிட்டு வராமல் போனால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் பிள்ளை நம்பாது. ‘வருஷத்தில் இரண்டு தடவை வருவார், தேதி தெரிந்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்’ என்பது போதும்.

ஃபோன் விஷயம். போஸ்டில் சிக்னல் இருக்கும் நாளும் உண்டு, பனியில் பத்து நாள் இல்லாமல் போவதும் உண்டு. தினம் 8 மணிக்கு ஃபோன் என்று பழக்கிவிட்டால், வராத நாளில் பிள்ளை சாப்பிடாது. அதைவிட, பேச வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஃபோன் வந்தால் அதைப் பார்த்துப் பேசட்டும், இல்லையென்றால் நோட்டு நிறையட்டும். தமிழ் எழுதப் பழகவும் அது ஒரு வழி, டீச்சர் சொன்ன 20 நிமிடத்தில் ஐந்து நிமிடம் இதற்கு.

அப்பா லீவில் வரும் முதல் வாரம்தான் வீட்டில் சண்டை அதிகம். அம்மா ஆறு மாதம் ஒரு ஒழுங்கில் வீட்டை நடத்தியிருப்பார். வந்தவர் 5 மணிக்கு எழுப்பி மார்க் ஷீட் கேட்பார். முதல் ஏழு நாள் பழைய ஒழுங்கு அப்படியே, மாற்றம் ஏதாவது வேண்டுமென்றால் எட்டாம் நாள் பேசலாம் என்று இருவரும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். 14 வயது மகள் அப்பாவிடம் ஒட்டாமல் தள்ளி நின்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவளுக்கு அது இரண்டாம் வாரம் சரியாகும்.

‘நீ மிலிட்டரிக்காரன் பிள்ளை, அழக்கூடாது’ என்ற வாக்கியத்தை வீட்டில் தடை செய்யுங்கள். பாட்டி சொன்னாலும் சரி. அழாத பிள்ளைக்குக் காலையில் வயிற்று வலி வரும், 8 வயதில் படுக்கையை நனைக்கும். அது இரண்டு, மூன்று வாரத்தில் குறையும். ஒரு டெர்ம் தாண்டியும் நின்றாலோ, மகள் சாப்பாட்டையும் தூக்கத்தையும் குறைத்தாலோ, பள்ளி கவுன்சலரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

#12 வேலூர்_அம்மா

நோட்டு யோசனை நல்லா இருக்கு, இன்றைக்கே வாங்குகிறேன். கடைசியாக ஒன்று. சாமான் ஏற்றுவது பற்றி யாராவது.

#13 ஓய்வு_ஹெட்கிளார்க்

ஹவில்தாருக்கு இடமாற்றத்தில் 3,000 கிலோ அனுமதி. வீட்டுச் சாமான் அதற்குள் அடங்கிவிடும். கருப்பு டிரங்குப் பெட்டிகளில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர் இருக்கும். அதன் பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண்ணும் போட்டு, எந்தப் பெட்டியில் என்ன என்று மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். அதன் நகல் உங்கள் கைப்பையில்.

ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, தடுப்பூசி அட்டை, மூவ்மெண்ட் ஆர்டர் எதுவும் லாரியில் ஏறக் கூடாது. பிள்ளைக்கு ஒரு ஃபைலாக இரண்டு ஃபைல், உங்கள் மடியில் ரயிலில் வரட்டும். லாரி நான்கு நாள் பிந்தினாலும் பள்ளிச் சேர்க்கை நிற்காது.

பிள்ளைகளின் பெட்டிகளைக் கடைசியில் ஏற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் முதலில் இறங்கும். சீருடை, ஷூ, ஒரு போர்வை, மகளின் 8-ஆம் வகுப்புக் கணக்கு நோட்டு, மகன் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை இருந்தால் அது, எல்லாம் அதில் போகட்டும். மற்ற பெட்டிகளை ஜூன் மாதம்வரைகூடத் திறக்காமல் வைக்கலாம்.